பதின்மூன்று பேருக்கு ஒரு மடல்: ஜான் டிங்கலின் முப்பது தேர்தல்களும் உங்கள் பென்சிலும்

மிச்சிகன் மாநிலத்தில் அடுத்த முறை தொகுதிக் கோடுகளை வரையப்போகும் குடிமக்கள் ஆணையத்தின் பதின்மூவருக்கு,

வணக்கம். உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. உங்களுக்கே இன்னும் தெரியாது. சட்டம் மாறாதிருந்தால், 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண்டில் மாநிலச் செயலாளர் அலுவலகம் விண்ணப்பங்களை வெளியிடும். குருட்டாம்போக்கில் பொறுக்கிய வாக்காளர்களின் வீடுகளுக்குத் தபாலிலும் அனுப்பும். அப்படி வந்து சேர்வனவற்றிலிருந்து இருநூறு பெயர்கள் குலுக்கலில் எடுக்கப்படும். சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள கட்சித் தலைவர்கள் நால்வர், ஆளுக்கு ஐந்து பெயர்களை அடித்துவிடலாம். மிச்சத்தில் மறுபடியும் குலுக்கல். ஜனநாயகக் கட்சியினர் நான்கு பேர், குடியரசுக் கட்சியினர் நான்கு பேர், இரண்டிலும் சேராதவர்கள் ஐந்து பேர். ஏலச்சீட்டில் பெயர் விழுவதுபோல உங்கள் பெயர் விழும். அதன் பிறகு ஒரு கோடிப் பேருக்கும் மேற்பட்ட மக்களின் பத்து ஆண்டு அரசியல் உங்கள் கையில்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று யாரேனும் கேட்கலாம். 2020ல் நடந்த முதல் குலுக்கலுக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அடுத்த முறை அந்தக் குவியலில் நம்மவர் பெயர்களும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நோவியிலும் கேன்டனிலும் டிராயிலும் ஆன் ஆர்பரிலும் குடியுரிமை பெற்ற தமிழர் குடும்பங்கள் குறைவில்லை. ஊரில் ‘தொகுதி மறுவரையறை’ என்ற சொல் காதில் விழுந்தாலே பதறிப்போகிறோம். இங்கே பத்து ஆண்டுக்கு ஒருமுறை அதே காரியம் நடக்கிறபோது புல் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டுச் சமையலறை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்ட மூன்று வாக்காளர் அட்டைகள் இருக்கின்றன. அட்டையில் வாக்குச்சாவடியோடு அமெரிக்கக் காங்கிரஸ் தொகுதி எண்ணும் அச்சாகியிருக்கும். முதல் அட்டையில் 15. அடுத்ததில் 12. இப்போதுள்ளதில் 6. குடியுரிமை பெறுவதற்கு முன்பு, 2001ல் இந்த வீட்டை வாங்கியபோது, ஆன் ஆர்பர் 13ஆம் தொகுதியில் இருந்தது. வீட்டை மாற்றவில்லை. வாசலில் இருக்கும் மேப்பிள் மரத்தையும் மாற்றவில்லை. எண் மட்டும் நான்கு. இந்த நான்கு எண்களில் இரண்டில் எனக்குப் பிரதிநிதியாக இருந்தவர் ஜான் டிங்கல். அவருடைய தேர்தல் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், ஏனென்றால் அது பாதிக்கு மேல் உங்களைப் போன்றவர்களின் கதை.

அமெரிக்கக் காங்கிரஸின் வரலாற்றிலேயே மிக நீண்ட காலம் உறுப்பினராக இருந்தவர் அவர். 1955 டிசம்பர் 13 அன்று ஓர் இடைத்தேர்தலில் வென்றார், வயது 29. 2015 ஜனவரி 3 அன்று பதவியை விட்டு இறங்கினார். இடையில் 59 ஆண்டுகளும் சில நாட்களும். மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பர்ட் வைத்திருந்த சாதனையை 2013 ஜூன் 7 அன்று கடந்தார். அன்றைக்கு அது 20,997ஆவது நாள். ஐசன்ஹோவர் முதல் ஒபாமா வரை பதினோரு ஜனாதிபதிகள். பிரதிநிதிகள் சபையில் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள் என்பதால், இடைத்தேர்தலையும் சேர்த்து முப்பது முறை வாக்குச்சீட்டில் பெயர் வந்தது. முப்பதிலும் வெற்றி.

முப்பதுக்கு முப்பது என்றால் நம் ஊரில் ‘அசைக்க முடியாத தலைவர்’ என்று சுவரெழுதிவிடுவோம். அவர் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. எரிசக்தி, வர்த்தகக் குழுவுக்குப் பதினாறு ஆண்டுகள் தலைவர். குழுவின் அதிகார எல்லை எது என்று கேட்டால், விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் படத்தைக் காட்டுவாராம். 1965ல் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் சபையில் நிறைவேறியபோது தலைமை நாற்காலியில் இருந்தவர். அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் முக்கியப் பங்கு அவருடையது. எல்லாம் சரி. ஆனால் அந்த முப்பது தேர்தல்களையும் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், உண்மையிலேயே அவர் தோற்றுவிடுவாரோ என்று மக்கள் பேசியவை மிகச் சில. அவற்றில் பெரியவை இரண்டையும் மூட்டிவிட்டவர்கள் எதிர்க்கட்சி வேட்பாளர்கள் அல்லர். கோடு வரைந்தவர்கள்.

முதல் கதை 1964. அதற்கு முன்னுரை அவருடைய தந்தை. மூத்த ஜான் டிங்கல் 1932ல் 15ஆம் தொகுதியிலிருந்து தேர்வாகி, 1933 மார்ச் 4 அன்று பதவியேற்றார். அதே நாளில், பக்கத்து 16ஆம் தொகுதியிலிருந்து ஜான் லெசின்ஸ்கி என்பவரும் பதவியேற்றார். இருவரும் போலந்து வழி வந்தவர்கள், இருவரும் ஜனநாயகக் கட்சி, இருவருக்கும் ஜான் என்றே மகன்கள். மூத்த லெசின்ஸ்கி 1950ல் இறந்தார், மூத்த டிங்கல் 1955ல் இறந்தார். கடைசியில் இரு மகன்களும் தத்தம் தந்தையின் தொகுதிக்கே வந்து சேர்ந்தார்கள். வாரிசு அரசியல் நம் ஊர்ச் சரக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் டெட்ராய்ட் பக்கம் ஒருமுறை வந்து போகலாம்.

1960 கணக்கெடுப்பில் மிச்சிகனுக்கு ஓர் இடம் கூடி 19 ஆனது. கோடு வரைவதில் சட்டமன்றத்தில் உடன்பாடு வரவில்லை. கூடிய ஓர் இடத்துக்கு 1962ல் மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்துத் தேர்தல் நடத்தினார்கள். அதில் வென்றவர் எங்கள் ஆன் ஆர்பர்க்காரர் நீல் ஸ்டேப்ளர். பழைய கோடுகள் அப்படியே கிடந்தன. ஒரு தொகுதியில் பெருங்கூட்டம், இன்னொன்றில் அதில் பாதியும் இல்லை. 1964 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், காங்கிரஸ் தொகுதிகளின் மக்கள்தொகை இயன்றவரை சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மிச்சிகன் அவசர அவசரமாக மறுபடி வரைந்தது. அப்படி வரைந்ததில் இளைய டிங்கலும் இளைய லெசின்ஸ்கியும் ஒரே தொகுதிக்குள் மாட்டிக்கொண்டார்கள். தொகுதியின் எண் 16, அதாவது லெசின்ஸ்கியின் எண். அதற்குள் இருந்த டியர்பார்ன் நகரம் லெசின்ஸ்கியின் கோட்டை.

அதே பிப்ரவரியில்தான் குடிமை உரிமைகள் சட்ட மசோதா பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. உணவகத்திலும் விடுதியிலும் வேலையிலும் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடை செய்யும் மசோதா. டிங்கல் ஆதரித்து வாக்களித்தார். லெசின்ஸ்கி எதிர்த்து வாக்களித்தார். டியர்பார்ன் அன்றைக்கு எப்படிப்பட்ட ஊர் என்பதை நினைவில் வையுங்கள்: கறுப்பினத்தவர் குடிவரக்கூடாது என்று வெளிப்படையாகப் பேசிய ஆர்வில் ஹப்பார்ட் 1942 முதல் 1978 வரை மேயராக இருந்த ஊர். கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில் ஒரே கட்சியின் இரு உறுப்பினர்கள், நாட்டையே இரண்டாக்கிய ஒரு கேள்விக்கு இரண்டு பதில்களோடு, ஒரே மக்களின் முன்னால் நின்றார்கள். டிங்கல் வென்றார்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மக்கள்தொகையைச் சமன்செய்யத்தான் கோடு இழுத்தார்கள். ஆனால் அந்தக் கோடு, தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த ஒரு வெள்ளையர் பகுதியிடம் ‘நீ எந்தப் பக்கம்?’ என்று நேருக்கு நேராகக் கேட்டுவிட்டது. பழைய கோடே நீடித்திருந்தால் டிங்கலும் மீண்டும் வந்திருப்பார், லெசின்ஸ்கியும் மீண்டும் வந்திருப்பார், கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் 16ஆம் தொகுதியில் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. 1994ல் குடியரசுக் கட்சி அலை வீசி சபையையே கைப்பற்றியது. டிங்கலின் குழுத் தலைமை போயிற்று, இடம் போகவில்லை. மற்ற நவம்பர்களில் எல்லாம் அவர் பெயர் வாக்குச்சீட்டில் வரும், மக்கள் வட்டத்தைக் கறுப்பாக்குவார்கள், கதை முடியும்.

இரண்டாவது கதையை நான் கண்ணால் பார்த்தேன்.

2000 கணக்கெடுப்பில் மிச்சிகனின் இடங்கள் 16லிருந்து 15 ஆகக் குறைந்தன. அப்போது சட்டமன்றம் குடியரசுக் கட்சியிடம். ஆளுநர் ஜான் எங்லரும் அதே கட்சி. உங்களைப் போன்ற ஆணையம் அன்றைக்கு இல்லை. ஆளுங்கட்சி உட்கார்ந்து வரைந்தது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களை இரண்டிரண்டாக ஒரே கூண்டில் அடைத்தார்கள். டேவிட் போனியர் தன் தொகுதி கைவிட்டுப் போனதைக் கண்டு ஆளுநர் பதவிக்குப் போட்டியிடப் போய்விட்டார். ஜிம் பார்சியா மாநில செனட்டுக்குப் போனார். 2002 முடிவில் 9 ஜனநாயகர், 7 குடியரசுக் கட்சியினர் என்றிருந்த கணக்கு 6க்கு 9 என்று தலைகீழானது. மக்கள் மனம் ஒரே ஆண்டில் அவ்வளவு மாறிவிடவில்லை. பென்சில் மாறியிருந்தது.

அந்தக் கூண்டுகளில் ஒன்றுதான் புதிய 15ஆம் தொகுதி. உள்ளே ஒரு பக்கம் டியர்பார்னின் ஜான் டிங்கல். அப்போதே 47 ஆண்டு உறுப்பினர். இன்னொரு பக்கம் ஆன் ஆர்பரின் லின் ரிவர்ஸ். பள்ளி வாரியத்தில் தொடங்கி மாநிலச் சட்டமன்றம் வழியாக 1994ல் காங்கிரஸுக்கு வந்தவர். அவர் ஒதுங்கவில்லை, இவரும் ஒதுங்கவில்லை.

அந்த ஆண்டு நான் தினமும் ஆன் ஆர்பரிலிருந்து டியர்பார்னுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் நெரிசல் இருந்தால் இப்சிலாண்டி வழியாக மிச்சிகன் அவென்யூவைப் பிடித்து நேராகப் போய்விடுவேன். ஜூன், ஜூலை மாதங்களில் அந்தச் சாலையின் இருபுறமும் வீட்டுப் புல்தரையில் நட்ட சிறு பலகைகள். ஆன் ஆர்பரில் புறப்படும்போது கண்ணில் படுவதெல்லாம் ரிவர்ஸ் பெயர். இப்சிலாண்டி தாண்டியதும் இரண்டும் கலந்து வரும்; பக்கத்துப் பக்கத்து வீட்டில் இவர் ஒன்று, அவர் ஒன்று. வெய்ன் நகரம் வந்தபின் மெல்ல டிங்கல். டியர்பார்னுக்குள் நுழைந்தால் வேறு பெயரே கிடையாது. ஏறத்தாழ ஐம்பது நிமிடப் பயணத்தில் ஒரு தொகுதியின் தையல் தெரியும். இரண்டு துணிகளை எங்கே வைத்துத் தைத்தார்கள் என்பதை அன்றைக்கு என்னால் கை நீட்டிக் காட்ட முடிந்திருக்கும்.

தொழிற்சாலை உணவுக்கூடத்தில் அதைத்தவிர வேறு பேச்சில்லை. டிங்கல் துப்பாக்கி உரிமையாளர் சங்கத்தின் நண்பர். அதன் இயக்குநர் குழுவிலேயே முன்பு இருந்தவர். ரிவர்ஸ் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காரர். கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்குக் கடுமையான வரம்பு வேண்டும் என்று ஆன் ஆர்பர் சொன்னது. வரம்பு ஏறினால் நம் பிழைப்பு என்னாகும் என்று டியர்பார்ன் கேட்டது. பெண் வேட்பாளர்களுக்குப் பணம் திரட்டும் எமிலிஸ் லிஸ்ட் அமைப்பு ரிவர்ஸின் பின்னால் நின்றது. அப்போது சபையில் ஜனநாயகக் கட்சிக் கொறடாவாக இருந்த நான்சி பெலோசியும் ரிவர்ஸ் பக்கம். தொழிற்சங்கங்களின் பெருந்துணை டிங்கலுக்கு. எனக்கு வாக்கு கிடையாது. பச்சை அட்டைக்குக் காத்திருந்த ஆள். ஆனால் என் பக்கத்து மேசைக்காரரும் எதிர் வீட்டு அம்மாவும் தீவிரமாக யோசித்ததை நான் பார்த்தேன். எதிர் வீட்டு அம்மா ஓய்வுபெற்ற செவிலியர். இரண்டு பலகைகளையும் முற்றத்தில் நட்டு வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, மெடிகேருக்காக ஒன்று, துப்பாக்கிக்காக ஒன்று என்றார். வாக்குச்சாவடிக்குப் போகும் நாள் காலையில் ஒன்றைப் பிடுங்கிவிடுவதாகச் சொன்னார். எதைப் பிடுங்கினார் என்பதை இங்கே எழுத மாட்டேன், வாக்கு இரகசியம்.

ஆகஸ்ட் 6 முதல்நிலைத் தேர்தல். டிங்கல் சுமார் 59 சதவீதம், ரிவர்ஸ் சுமார் 41. ஆன் ஆர்பர் இருக்கும் வாஷ்டெனா கவுண்டி ரிவர்ஸுக்கு. வெய்னும் மன்ரோவும் டிங்கலுக்கு. நவம்பரில் நடந்தது வெறும் சடங்கு.

இந்த மாநிலத்தில் இதுதான் வழக்கமாகிவிட்டது. உண்மையான தேர்தல் ஆடி மாதத்தில், பாதி ஊர் விடுமுறைக்கு ஏரிக்கரை போயிருக்கும்போது முடிந்துவிடுகிறது. ஐப்பசியில் மிச்சமிருப்பவர்கள் வரிசையில் நின்று அதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆகஸ்ட் வாக்குச்சீட்டில் இரு கட்சிகளின் பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு கட்சியின் பட்டியலில் மட்டும்தான் குறிக்க வேண்டும், இரண்டிலும் குறித்தால் அந்தப் பகுதி செல்லாது. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் பலருக்கு இந்த விதியே தெரியாது. எனக்கும் முதல் தடவை தெரிந்திருக்கவில்லை. என் மனைவிதான் முந்தின இரவு சொல்லி வைத்தாள்.

இப்போது சிக்கலான விஷயத்துக்கு வருகிறேன். 2002ன் வரைபடம் கெட்ட எண்ணத்தோடு வரையப்பட்டது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கெட்ட எண்ணம் பெற்றுப் போட்டது, டிங்கலின் முப்பது தேர்தல்களில் ஆகச் சிறந்த ஒரு தேர்தலை. பதவியில் இருந்த இருவர், மறைக்க முடியாத வாக்களிப்புப் பதிவுகளோடு, நேருக்கு நேர். 1964லும் அப்படித்தான். மற்ற இருபத்தெட்டில் பெரும்பாலானவற்றில் வாக்காளருக்கு வாக்கு இருந்தது, தேர்வு இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பல ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். வரைந்தவர்களை மன்னிக்க என்னால் முடியாது. அதே சமயம், உறுப்பினர்களின் நாற்காலியைக் காப்பாற்றும் வரைபடங்களையும் இனி மன்னிக்க முடியாது.

காப்பாற்றும் வரைபடம் என்றால் என்ன என்பதற்கும் டிங்கலே உதாரணம். 2010 நவம்பரில், குடியுரிமை பெற்றபின் முதல்முறையாகக் காங்கிரஸ் தேர்தலில் வாக்களித்தேன். ஒரு தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மடக்கு மேசைகள், கறுப்புப் பேனா, அட்டை மறைப்பு. டிங்கலுக்கு வயது 84. மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிய ஆண்டு. 1943ல் அவருடைய தந்தை கொண்டுவந்த தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதாவின் நினைவாக, காங்கிரஸ் கூடும்போதெல்லாம் அப்படியொரு மசோதாவைத் தாக்கல் செய்துவந்தவர் அவர். 1965ல் அவர் தட்டிய சுத்தியலைத்தான் 2010 மார்ச்சில் புதிய சட்டம் சபையில் நிறைவேறியபோது சபாநாயகர் பெலோசி கடன் வாங்கினார். பழைய பகை தீர்ந்த காட்சி என்று சிலர் நெகிழ்ந்தார்கள். தொகுதியிலோ வேறு காட்சி. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ரோமுலஸில் அவர் நடத்திய கூட்டத்தில் முகத்துக்கு நேராகக் கத்தினார்கள். எதிர்த்து நின்றவர் ஆன் ஆர்பர் இதய மருத்துவர் ராப் ஸ்டீல். முடிவு: டிங்கல் சுமார் 57, ஸ்டீல் சுமார் 40. வென்றார், ஆனால் ஊர் அவரை உரசிப் பார்த்தது தெரிந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012ல் அவருக்கு ஏறத்தாழ 68 சதவீதம். வயது 86. அதற்குள் மக்களுக்கு அவர்மேல் பாசம் பொங்கிவிட்டதா? ஜனாதிபதித் தேர்தல் ஆண்டு என்பது ஒரு காரணம்தான். ஆனால் இடையில் 2011 வரைபடம் வந்திருந்தது. அதையும் குடியரசுக் கட்சியே வரைந்தது. பின்னால் ஒரு வழக்கில் வெளிவந்த மின்னஞ்சல்களில் ஒன்றில், அக்கட்சியின் ஊழியர் ஒருவர், வெய்ன், வாஷ்டெனா, ஓக்லண்ட், மக்கோம் கவுண்டிகளின் ஜனநாயகக் கட்சிக் ‘குப்பை’ முழுவதையும் நான்கே தொகுதிகளுக்குள் திணித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். வாஷ்டெனா என்பது எங்கள் கவுண்டி. அந்தக் குப்பையில் என் வாக்கும் உண்டு, எதிர் வீட்டு அம்மாவின் வாக்கும் உண்டு. எங்களை அள்ளிப் போட்ட தொட்டிக்கு எண் 12. அதன்மேல் டிங்கல் சுகமாக உட்கார்ந்தார். எதிரிக் கட்சி விரித்த மெத்தை. இதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 68 என்ற எண்ணை மக்கள் தீர்ப்பு என்று யாராவது என்னிடம் சொன்னால் சிரிப்பு வரும்.

2019 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வரைபடம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்றது. இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காகக் கோடு வளைப்பதை விசாரிப்பது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலையல்ல என்று கைகழுவிவிட்டது. நல்லவேளை, மிச்சிகன் மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2018 நவம்பரிலேயே சுமார் 61 சதவீதத்தினர் வாக்களித்து உங்கள் ஆணையத்தை அரசியலமைப்பில் எழுதிவிட்டார்கள். நீங்கள் பிறந்த கதை அது.

டிங்கல் 2014ல் ஓய்வை அறிவித்தார். அதே நவம்பரில் அவர் மனைவி டெபி டிங்கல் அந்த இடத்துக்குத் தேர்வானார். உயிருடன் இருக்கும் கணவரின் இடத்துக்கு நேரடியாக வந்த முதல் மனைவி என்று எழுதினார்கள். 2019 பிப்ரவரியில் டிங்கல் மறைந்தார். 1933 முதல் இன்று வரை, 1955ன் சில வாரங்கள் தவிர, மிச்சிகனின் இந்த மூலையிலிருந்து டிங்கல் என்ற பெயர் காங்கிரஸில் இல்லாத நாள் கிடையாது. குடும்ப ஆட்சி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். நான் டெபி டிங்கலுக்கு வாக்களித்திருக்கிறேன், இனியும் அளிக்கலாம். கூட்டங்களில் நின்று பதில் சொல்கிறவர். என் புகார் அந்தக் குடும்பத்தின் மேல் இல்லை. தொண்ணூறு ஆண்டுகளில் எத்தனை தடவை மக்களிடம் நிஜமாகக் கேட்டோம் என்பதே என் கேள்வி.

உங்களுக்கு முன்னிருந்த பதின்மூவர் 2021ல் வரைந்தபோது மாநிலத்துக்கு 13 இடங்கள்தான் மிச்சம். என் இளமையில் பார்த்த பழைய நிலப்படத்தில் 19. டியர்பார்னை இன்னொரு காங்கிரஸ் உறுப்பினரான ரஷீதா த்லைபின் பகுதியோடு சேர்த்து 12 ஆக்கினார்கள். ஆன் ஆர்பரைச் சுற்றி 6 வந்தது. டெபி டிங்கல் டியர்பார்ன் வீட்டை விட்டு ஆன் ஆர்பருக்குக் குடிவருவதாக அறிவித்தார். காங்கிரஸ் உறுப்பினர் தன் தொகுதிக்குள்ளேயே வசிக்க வேண்டும் என்று சட்டமில்லை. அந்த மாநிலத்தில் வசித்தால் போதும். இருந்தும் வழக்கம் விடுமா? 2002ல் வாக்காளர்கள் இருந்த இடத்தில் இருக்க, கோடு நகர்ந்தது. 2021ல் கோடு நகர்ந்ததும் உறுப்பினர் நகர்ந்தார். மூட்டை கட்டுவது இந்த முறையாவது அவர்கள் பக்கம் வந்ததில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி, ஒளிக்க மாட்டேன்.

உங்கள் வேலைக்கான விதிகளை மிச்சிகன் அரசியலமைப்பு வரிசை போட்டுத் தந்திருக்கிறது. சம மக்கள்தொகையும் வாக்குரிமைச் சட்டமும் முதலில். பிறகு தொகுதி துண்டுபடாமல் இருப்பது. அதற்கடுத்து ஒத்த நலன் கொண்ட சமூகங்கள். பிறகு எந்தக் கட்சிக்கும் அளவுக்கு மீறிய ஆதாயம் கூடாது என்பது. அதன் பின் வருகிறது நான் சொல்ல வந்த விதி: பதவியில் இருப்பவருக்கோ வேட்பாளருக்கோ சாதகமாகவும் வரையக் கூடாது, பாதகமாகவும் வரையக் கூடாது. இந்த ஒரு வரியை 1964க்கும் 2002க்கும் 2012க்கும் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

உங்களிடம் வருவார்கள். நேரில் வர மாட்டார்கள். ‘இந்த நகரமும் அந்த நகரமும் ஒரே சமூகம், பிரிக்காதீர்கள்’ என்று பொதுக் கருத்துக் கூட்டத்தில் அழகாகப் பேச ஆட்களை அனுப்புவார்கள். பேசுகிறவர்கள் பாதிப்பேர் உண்மையாகவே அப்படி நம்புகிறவர்கள், அதுதான் கஷ்டம். ‘இரண்டு நல்ல உறுப்பினர்களை மோத விடலாமா? அனுபவம் வீணாகாதா?’ என்பார்கள். அனுபவம் பெரிய விஷயம்தான். டிங்கலின் அனுபவத்தால் இந்த மாநிலம் அடைந்தது கொஞ்சமல்ல. ஆனால் அதை எடைபோட வேண்டியவர்கள் நாங்கள். 2022ல் ஓக்லண்ட் பக்கம் 11ஆம் தொகுதியில் ஹேலி ஸ்டீவன்ஸும் ஆண்டி லெவினும் அப்படித்தான் மோதினார்கள். இருவரும் பதவியில் இருந்தவர்கள். ஸ்டீவன்ஸ் சுமார் 60 சதவீதம் பெற்றார். வானம் இடிந்து விழவில்லை. அந்த வட்டாரத்து நண்பர்கள் முதல்முறையாக இரு வேட்பாளர்களின் பேச்சையும் முழுதாகக் கேட்டுவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்து விவாதித்தார்கள்.

ஆகவே என் வேண்டுகோள்: உறுப்பினர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலை உங்கள் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். அவர்களைச் சேர்த்து அடைக்கவும் வேண்டாம், பிரித்து வைக்கவும் வேண்டாம். இருவர் ஒரே தொகுதியில் வந்து விழுந்தால், விழட்டும். யாராவது வந்து அலறினால் 1964ன் டியர்பார்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் முன்னோடிகள்மேல் எனக்கிருக்கும் மரியாதையைக் குறைக்காமலே. எண்ணம் நல்லதாக இருந்தும் அவர்கள் சறுக்கினார்கள். டெட்ராய்டின் கறுப்பின மக்களைப் பல புறநகர்த் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்த விதம், இனத்தை முதல் அளவுகோலாக வைத்தது என்று 2023 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு 13 மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளைத் தள்ளுபடி செய்தது. 2024ல் மறுபடி வரைந்தார்கள். அந்த வழக்கு மாநில அவைகளைப் பற்றியது, காங்கிரஸைப் பற்றியதல்ல. ஆனாலும் 1955 முதல் காங்கிரஸில் எப்போதும் ஒரு கறுப்பினப் பிரதிநிதியையாவது வைத்திருந்த டெட்ராய்ட் நகரத்துக்கு, 2023 தொடக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லாமல் போனார். அது யாருடைய தீய எண்ணமும் இல்லை. கணினித் திரையில் நிறம் நிறமாகச் சதவீதங்களைப் பார்த்து நகர்த்தியவர்கள், அந்தத் தெருவில் ஒருமுறை காரோட்டிப் போயிருந்தால் வேறு மாதிரி வரைந்திருப்பார்களோ என்று தோன்றுகிறது. நீங்கள் வரைவதற்கு முன்னால் மிச்சிகன் அவென்யூவில் இப்சிலாண்டியிலிருந்து டெட்ராய்ட் வரை ஒருமுறை போய்வாருங்கள். நெடுஞ்சாலை வேண்டாம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற சாலைதான் சரி.

விண்ணப்பம் வரும்போது நானும் நிரப்பப் போகிறேன். கட்சிப் பதவி வகித்ததில்லை, தேர்தலில் நின்றதில்லை, அரசியல் தரகு செய்யும் உறவினர் எவரும் இல்லை. தகுதியில் குறை சொல்ல முடியாது. முதல் குலுக்கலில் தப்பினாலும் கட்சித் தலைவர்கள் அடிக்கும் இருபது பெயர்களில் ஒன்றாகப் போய்விடுவேன் என்று மனைவி சொல்கிறாள். இந்த மடலைப் படித்திருந்தால் அடிக்கத்தான் செய்வார்கள். தமிழில் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
13, 15, 12, 6ஆம் தொகுதிகளில் ஒரே வீட்டில் வசித்த ஒரு வாக்காளர்
ஆன் ஆர்பர், மிச்சிகன்